பெறுபேறும் கணிப்பும்: புதிய கட்டடங்களுக்கான சக்தி நியமங்கள் பற்றிய ஒரு நோக்கு

புதிதாக எழும் கட்டடமொன்று எவ்வளவு சக்தியை நுகரலாம் என்பதைச் சட்டம் இரு வழிகளில் வரையறுக்கலாம். சுவரின் வெப்பக் காப்பு இவ்வளவு தடிப்பாயிருத்தல் வேண்டும், சாளரங்களின் பரப்பு சுவர்ப் பரப்பில் இத்தனை வீதத்தை மீறலாகாது, விளக்குகளுக்குச் சதுர மீற்றருக்கு இத்தனை வாற்றே அனுமதிக்கப்படும் என உறுப்புறுப்பாக விதிப்பது ஒரு வழி. இதனை விதிப்பு நியமம் எனலாம். உறுப்புகளைப் பற்றி எதுவுங் கூறாது, கட்டடம் முழுவதும் ஆண்டொன்றில் சதுர மீற்றருக்கு இத்தனை கிலோவாற்று மணிக்கு மேல் நுகரலாகாது என முடிவை மாத்திரம் விதிப்பது மற்றைய வழி. இது பெறுபேற்று நியமம். பின்னையது முன்னையதிலும் வளர்ச்சியுற்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அக்கருத்துப் பெரிதும் சரியானதே. எனினும், பெறுபேறு எப்பொழுது, எங்கே அளக்கப்படுகிறது என்ற வினா எழுப்பப்படாதவிடத்து அச்சொல் பொருளிழந்துவிடுகிறது என்பதை இந்நியமங்களின் வரலாறு காட்டுகிறது.

விதிப்பு நியமத்தின் குறைபாட்டை முதலில் நோக்குவோம். வெப்ப நாடொன்றில் ஒரே அளவான கண்ணாடிச் சாளரங்களுடன் இரு கட்டடங்கள் எழுகின்றன எனக் கொள்வோம். ஒன்றின் சாளரங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குவன; மற்றையதன் சாளரங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்குவன. முன்னதிலும் பின்னதில் காலை மாலை வெயில் மிகுதியாகப் புகும். சாளரப் பரப்பை மட்டும் எண்ணும் சட்டத்தின் முன் இரண்டும் சமமானவை. மின்கட்டணப் பட்டியலில் அவை சமமானவையல்ல. உறுப்புகளைத் தனித்தனியே எண்ணும் விதி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் முறையைக் காணத் தவறுகிறது. முடிவை விதிக்கும் நியமமோ வடிவமைப்பாளருக்குச் சுதந்திரத்தை அளித்து, அதற்கீடாகப் பொறுப்பையும் சுமத்துகிறது.

இக்கோட்பாட்டை ஒரு நாடு தழுவிய சட்டமாக்க எடுக்கப்பட்ட முதற் பெருமுயற்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, 1975இல் அந்நாட்டின் வெப்பமூட்டல், குளிரேற்றல், வளிச்சீராக்கப் பொறியியலாளர் கழகம் பெரும்பாலும் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட நியமமொன்றை வெளியிட்டது. மறு ஆண்டே, 1976 ஆகஸ்டில், புதிய கட்டடங்களுக்குப் பெறுபேற்று நியமங்களை வகுக்குமாறு காங்கிரஸ் சட்டமியற்றியது. இதற்கான ஆய்வில் 168 கட்டடங்களின் வடிவமைப்பாளர்கள் தங்கள் கட்டடங்களைத் தாமே மீள வடிவமைத்து, குறைந்த சக்தியில் அவற்றை இயக்கக்கூடிய வழிகளைக் காட்டினர். 1979 நவம்பரில் சக்தித் திணைக்களம் கட்டட வகைக்கும் காலநிலைக்கும் ஏற்ப ஆண்டுச் சக்தி வரம்புகளை முன்மொழிந்தது. ஆயின் 1981இல் காங்கிரஸ் அவற்றைக் கூட்டரசின் சொந்தக் கட்டடங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு விரும்பினாற் பின்பற்றத்தக்கனவாக மாற்றிவிட்டது.

இத்தோல்விக்கு அரசியல் மாற்றம் மட்டுமே காரணமன்று. ஒவ்வொரு வடிவமைப்பையும் கணனியிற் கணித்துக் காட்டவேண்டிய நிலை, ஒரு சில வீடுகளைக் கட்டி விற்கும் சிறு கட்டடக்காரர்களை அஞ்சவைத்தது. நகரசபை அதிகாரிகள் அக்கணிப்புகளைப் பரிசீலிக்கும் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவில்லை. மின்னுற்பத்தி நிலையத்தில் இழக்கப்படும் சக்தியையும் சேர்த்துக் கணிக்கும் முறை மின்சாரத்துக்குப் பாதகமாயிருந்ததால் மின்வழங்கல் நிறுவனங்களும் எதிர்த்தன. எனினும், கோட்பாடே நடைமுறைக்கு ஒவ்வாதது என இதிலிருந்து முடிவு கட்டல் தவறு. 1978இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியாவின் நியமங்கள் விதிப்பு வழி, பெறுபேற்று வழி ஆகிய இரண்டையும் திறந்துவைத்தன. விரும்பியதைத் தெரிந்துகொள்ளும் அவ்வேற்பாடு இன்றும் நிலைத்திருக்கிறது.

இங்கே கருத்தூன்றி நோக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. 1979இன் முன்மொழிவும் சரி, கலிபோர்னியாவின் பெறுபேற்று வழியும் சரி, கட்டி முடிந்த கட்டடத்தின் நுகர்வை அளப்பனவல்ல. வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு கணிக்கப்பட்ட நுகர்வையே அவை மதிப்பிடுகின்றன. அக்கணிப்பு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உள்ளே இருப்பர், எந்த வெப்பநிலையில் அறை பேணப்படும், கதவு யன்னல்களின் இடுக்குகளாற் காற்று எவ்வளவு கசியும் என்பன போன்ற பல ஊகங்களின் மேல் நிற்கிறது. ஊகங்கள் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். பிரித்தானியாவில் 1995 தொடக்கம் 2002 வரை, பயன்பாட்டிலிருந்த கட்டடங்களை ஆராய்ந்த 'புரோப்' ஆய்வுத்தொடர், வடிவமைப்பு நிலையில் எதிர்பார்க்கப்பட்டதிலும் மிகுதியாகவே பல கட்டடங்கள் சக்தியை நுகர்ந்தமையை வெளிப்படுத்தியது.

நாடகத்தின் தகுதி எழுத்துப் பிரதியால் மட்டும் முடிவாவதில்லை. ஆற்றுகையிலேயே அது தெரியவரும் என்பது அரங்கியல் மாணவர் அறிந்ததே. பெறுபேறு என்ற பெயரைத் தாங்கிய நியமங்கள் பல பிரதியைப் படித்துவிட்டு ஆற்றுகைக்குப் புள்ளி வழங்குகின்றன. கட்டுபவர் கணிப்பைச் சமர்ப்பித்து அனுமதி பெற்று, கட்டடத்தை விற்று விலகிவிடுகிறார். கணிப்புக்கும் உண்மைக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை அதன்பின் மாதந்தோறும் செலுத்துபவர் அக்கணிப்பை ஒருபோதும் கண்டிராத குடியிருப்பாளரே. ஆகவே இது வெறும் பொறியியல் நுட்பப் பிரச்சினையன்று. யார் யாருக்குப் பொறுப்புக் கூறவேண்டும் என்ற சமூகப் பிரச்சினையுமாகும்.

இவ்வகையில் சுவீடன் 2006இல் எடுத்த நடவடிக்கை முக்கியத்துவம் வாய்ந்தது. மின்னால் வெப்பமூட்டப்படாத குடியிருப்புக் கட்டடங்கள் நாட்டின் தெற்கில் ஆண்டுக்குச் சதுர மீற்றருக்கு 110, வடக்கில் 130 கிலோவாற்று மணிக்கு மேல் நுகரலாகாது என அந்நாட்டின் கட்டட விதிகள் வரையறுத்தன. கட்டடம் பயன்பாட்டுக்கு வந்து 24 மாதங்களுக்குள், தொடர்ச்சியான 12 மாத நுகர்வை அளந்து அதனைச் சரிபார்த்தல் வேண்டும் எனவும் எதிர்பார்த்தன. இங்கேதான் பெறுபேறு என்ற சொல் தன் முழுப் பொருளைப் பெறுகிறது.

இதற்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். குடியிருப்பவர் வீண்விரயஞ் செய்தால் கட்டியவரைக் குற்றங்கூறுதல் நியாயமா என்பது முதலாவது. கட்டி முடிந்த கட்டடம் தவறினால் அதை இடிக்கவா முடியும் என்பது இரண்டாவது. இரண்டும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆயினும் குளிர் மிகுந்த ஆண்டையும் வழமைக்கு மாறான பயன்பாட்டையும் கருத்திற் கொண்டு அளவீட்டைச் சீர்செய்தல் இயலும். கட்டுமான ஒப்பந்தத்திலேயே இழப்பீட்டு விதியைச் சேர்த்தலும் இயலும். கணிப்பு அனுமதிக்கு வேண்டப்படுவது. அளவீடு அக்கணிப்பின் நேர்மைக்கு வேண்டப்படுவது. ஒன்றை ஏற்று மற்றையதை விடுவதே தவறாகும்.

நம் நாட்டுக்கும் இவ்விவாதத்தில் நேரடித் தொடர்புண்டு. குளிர்நாட்டு நியமங்கள் வெப்பநாடுகளுக்கு வந்தபோது, கட்டடத்தின் புறவுறை வழியே உட்புகும் வெப்பத்தின் சராசரியைக் கணிக்கும் சூத்திரமொன்று அவற்றோடு வந்தது. சிங்கப்பூர் 1979இல் இதனைச் சட்டமாக்கியது. இலங்கையின் 2008ஆம் ஆண்டுச் சக்திவினைத்திறன் கட்டடக் கோவையிலும் இது இடம்பெற்றது. வளிச்சீராக்கிகளால் குளிரூட்டப்படும், மூடிய கட்டடத்தையே இச்சூத்திரம் தன் மனத்திற் கொண்டுள்ளது. 1970களின் பிற்பகுதியில் ஜெப்ரி பாவா கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென வடிவமைத்த மாடிக் கட்டடம் இயற்கைக் காற்றையும் பகல் ஒளியையும் பயன்படுத்துமாறு திட்டமிடப்பட்டது. அத்தகைய கட்டடத்தின் சிறப்பையோ, விறாந்தையும் முற்றமும் கொண்ட நம் வீடுகளின் சிக்கனத்தையோ அச்சூத்திரத்தால் எடுத்துரைக்க இயலாது. மின்மானியோ அதனை எளிதில் எடுத்துரைத்துவிடும். அளந்தறியும் பெறுபேற்று நியமம் வளங்குறைந்த நாடுகளுக்குப் பொருந்தாத ஆடம்பரம் எனக் கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். விலைமிக்க கணனிக் கணிப்பிலும் ஓராண்டு மின்பட்டியலைச் சேர்த்துப் பார்த்தல் மலிவானது.

2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரமின்றியிருந்த நாடொன்றில், இன்று எழும் கட்டடம் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எவ்வளவு மின்னைக் கோரப்போகிறது என்பது அனைவரையும் பாதிக்கும் வினா. அதற்கு விடையாகக் கணிப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளும் நியமம் பெறுபேற்று நியமம் என்ற பெயருக்கு உரியதாகாது.