ஊருக்கென்று ஒரு படிப்பு, வார்டில் ஒரு வேலை

புதுச்சேரியில் எந்த மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தாலும் நோயாளியின் வீட்டார் வாயில் ஒரே அழைப்புதான்: "சிஸ்டர்". நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்தவரும் சிஸ்டர், மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், பேறுகால உதவியாளர்) முடித்தவரும் சிஸ்டர், இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படித்தவரும் சிஸ்டர். எந்த நர்சிங் கவுன்சிலும் ஏற்காத ஓராண்டுச் சான்றிதழோடு வந்தவரும் சிஸ்டர்தான். அன்பான அழைப்பு அது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நான்கு விதமான பயிற்சியும் நான்கு விதமான பொறுப்பும் மறைந்து கிடக்கின்றன. இவர்களில் மூன்றாமவரான ஏ.என்.எம்.மின் படிப்பு எதில் வலுவானது, எங்கே அவரைக் கைவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரை.

ஏ.என்.எம். என்றால் துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர். பிளஸ் டூ தேறி, 17 வயது நிறைந்திருந்தால் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பில் கடைசி ஆறு மாதம் களப்பயிற்சி. முடித்ததும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால்தான் பணி செய்யும் உரிமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்' என்பவருக்கு நம் நாட்டில் ஏறக்குறைய இணையான படி இதுதான்.

இதன் முதல் வலிமை, வாசல் அகலம். பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்த பெண்ணுக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாது, அதற்கு உயிரியல் உள்ளிட்ட அறிவியல் பாடங்கள் வேண்டும். பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ பொருளியலும் வரலாறும் படித்து முடித்த ஒரு கூலித் தொழிலாளியின் மகள், இரண்டே ஆண்டில் அரசுப் பதிவு பெற்ற ஒரு தொழிலோடு வீடு திரும்ப முடிகிறது என்றால் அது சிறிய காரியம் அல்ல.

இரண்டாவது வலிமை, நோக்கத் தெளிவு. 1973-இல் கர்த்தார் சிங் குழு, ஏ.என்.எம்.மைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதை நடத்த ஓர் ஏ.என்.எம். என்பது கணக்கு. பாடத்திட்டமும் அதற்கேற்றதே: சமுதாய சுகாதாரம், நோய்த் தடுப்பு, குழந்தை நலம், பேறுகாலப் பராமரிப்பு, சுகாதார நிலைய நிர்வாகம். எந்தத் தெருவில் யார் முழுகாமல் இருக்கிறார், எந்த வீட்டில் தடுப்பூசி போட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்று மாமியார் மறுக்கிறார் என்பது இவருக்குத்தான் தெரியும். ஊசி மருந்தை ஊருக்கு அனுப்பிவிடலாம். அதைப் போட்டுக்கொள்ளச் சம்மதிக்க வைக்க ஓர் ஆள் வீடு தேடிப் போக வேண்டும்.

கோளாறு தொடங்குவது, அந்தப் படிப்பு நகரத்துக்கு வந்து வேலை தேடும்போது. புதுச்சேரி பழைய மருத்துவ நகரம். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் ஆனது. இன்று கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. காலாப்பட்டு முதல் கிருமாம்பாக்கம் வரை தனியார் மருத்துவக் கல்லூரிகள். ஊருக்குள் நர்சிங் ஹோம்கள். 2011 கணக்கெடுப்பில் ஒன்றியப் பகுதி முழுவதற்கும் மக்கள்தொகை 12,47,953தான். விழுப்புரம், கடலூரிலிருந்தும் நோயாளிகள் வருவதால்தான் இத்தனை படுக்கைகள் நிறைகின்றன. ஆகவே வேலை இருப்பது வார்டில். துணை சுகாதார நிலையப் பணியிடங்களோ குறைவு.

விளைவு, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கப் பயின்றவர், அறுவை சிகிச்சை முடிந்தவரின் படுக்கையருகே இரவு டியூட்டி பார்க்கிறார். டிரிப்ஸ் மாற்றுவதும் ஊசி போடுவதும் அவருக்குத் தெரியும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளியின் நிலை தடுமாறுவதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் பயிற்சியை அந்த இரண்டு ஆண்டுகள் தரவில்லை. தருவதாக யாரும் சொல்லவும் இல்லை. பயிற்சிக்கு மீறிய பொறுப்பைக் கொடுத்துவிட்டு, தவறு நேர்ந்தால் அவரைக் கைகாட்டுவது நியாயமாகாது.

இதைவிட ஆழமான குறை, மேலே ஏறப் படிக்கட்டு இல்லாதது. ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம்.மில் சேரலாம், ஆனால் முதல் ஆண்டிலிருந்து. அதன்பின் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தால் பட்டம். இரண்டும் மூன்றும் இரண்டும் ஏழு. அறிவியல் படித்த பெண் நான்கு ஆண்டில் அடையும் இடத்துக்கு இவர் ஏழு ஆண்டு நடக்க வேண்டும். அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸின் முந்தைய படிப்பைக் கணக்கில் கொண்டு, பதிவுச் செவிலியராக உயர்த்தும் இணைப்புப் படிப்புகள் உண்டு. இங்கே 2018-க்குப் பிறகு துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக உயர்த்தியபோதுகூட, அவற்றின் பொறுப்பாளர் பதவி ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங், ஆயுர்வேதம் படித்தவர்களுக்கே போனது. அந்த நிலையத்தைப் பல ஆண்டுகள் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் தகுதிப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது குறை, பெயருக்குக் காவல் இல்லாதது. 'நர்சிங் பயிற்சி, உடனடி வேலை' என்று சுவரொட்டி ஒட்டும் ஓராண்டுப் படிப்புகளுக்குப் பதிவு கிடைக்காது. ஆனால் அவை தரும் சீருடையும் வெள்ளைதான். குறைந்த கூலிக்கு ஆள் தேடும் நிர்வாகத்துக்கு அது வசதி. உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்றது. 'உதவியாளர்' என்று பெயரிட்டு ஆளை எடுத்தால் அந்தக் கணக்கைத் தட்டிக்கழித்துவிடலாம். பதிவில்லாதவர் மலிவாகக் கிடைக்கும்வரை பதிவுபெற்ற ஏ.என்.எம்.மின் சம்பளமும் உயராது.

அப்படியானால் ஏ.என்.எம்.மை மூடிவிட்டு எல்லோரையும் பட்டம் படிக்கச் சொல்லலாம் என்பார் உண்டு. நோயாளியின் பாதுகாப்பை நினைத்துச் சொல்லும் வாதம், மதிக்க வேண்டியதே. ஆனால் அந்த வாசலைச் சாத்தினால் கலைப் பிரிவு மாணவி பி.எஸ்சி.க்குப் போகப் போவதில்லை. எல்லோராலும் ஜி.என்.எம்.முக்கு மூன்று ஆண்டு செலவிடவும் முடியாது. மிஞ்சியவர்கள் சுவரொட்டியில் பார்த்த இடத்துக்குத்தான் போவார்கள்.

ஆகவே படிப்பு இருக்கட்டும். அதைச் சுற்றியுள்ளவை மாறட்டும். வார்டில் வேலை தருகிற மருத்துவமனை, வார்டுக்கான பயிற்சியையும் தன் செலவில் தரட்டும். ஜி.என்.எம்.மில் சேரும்போது படித்த இரண்டு ஆண்டில் ஒரு பகுதியையாவது கழிக்கட்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயரோடு கல்வித் தகுதியும் பதிவு எண்ணும் தமிழில் இருக்கட்டும். செவிலியருக்கான தேசியப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டமும் அதை வலியுறுத்துகிறது. அதை நோயாளியின் கண்ணில் படும்படி வைப்பதுதான் மிச்சம்.

அதுவரை, மகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "முடித்தால் கவுன்சிலில் பதிவு உண்டா?" பதில் இழுபட்டால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.