டாலி மெசஞ்சரின் கால்

டிக்கோயா தரவளையிலும் நானுஓயா ரதல்லவிலும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பச்சென்று விரிந்து கிடக்கும் மைதானங்கள், துரைமாரின் கழகங்கள் விட்டுப்போனவை. அன்றைய இலங்கை ரக்பி, தோட்டத் துரைமாரும் கொழும்புக் கம்பெனி வெள்ளைக்காரரும் ஆடிய ஆட்டம். 1907 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த நியூசிலாந்து அணி ஒன்று கொழும்பில் இறங்கி, இலங்கை அணியை 33–6 என்று சுருட்டிவிட்டுப் போனது. காசுக்கு ஆடுகிறவர்கள் என்பதால் சிட்னிப் பத்திரிகைகள் கேலியாக ‘ஆல் கோல்ட்ஸ்’ என்று பட்டம் சூட்டிய அணி அது. அந்தச் சுற்றுப்பயணத்தின் ஒரே ஆஸ்திரேலியர், 24 வயது டாலி மெசஞ்சர்.

காசு வாங்கியதில் என்ன குற்றம்? வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை ஆட்டம் என்றால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிக் கூலிதான். வெட்டுப்பட்ட அந்தக் கூலியைக் கழகம் ஈடுகட்டக் கூடாது என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தது. 1895-இல் வடக்குக் கழகங்கள் பிரிந்துபோய் உருவாக்கியதே பின்னாளில் ரக்பி லீக் ஆனது. சிட்னியிலும், ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத அலெக் பர்டனுக்கு நஷ்டஈடு கிடைக்காத கோபம் புகைந்தது. அங்கும் பிரிந்துபோவதற்கான ரகசியக் கூட்டங்கள் நடந்த இடம், துடுப்பாட்ட மேதை விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுப் பொருள் கடை!

துரைமாருக்குக் கூலி வெட்டு என்ற பேச்சே இல்லை. மலைநாட்டில் பழைய 15 பேர் ஆட்டமே நிலைத்துவிட்டது.

மெசஞ்சர் படகு கட்டும் குடும்பத்துப் பிள்ளை. நடுவரிசையில் நிற்பார். ஆள் மறித்தால் பந்தை மறித்தவர் தலைக்கு மேலே வீசிவிட்டு, சுற்றி ஓடித் தானே பிடிப்பார். சில நேரம் குனிந்தவரைத் தாண்டியே குதிப்பார். வித்தை காட்டுகிறார் என்று முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். இவ்வளவு இருந்தும், ரசிகன் கண் வைக்க வேண்டியது அவர் காலில்தான். அன்றைய லீக் ஆட்டத்தில் ஒரு ‘ட்ரை’க்கு 3 புள்ளி, உதைத்து அடிக்கும் கோலுக்கு 2. எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்தும், நடுக்கோட்டருகிலிருந்தும் அவர் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவார் என்றால், எதிரணி மைதானத்தின் பாதியில் தவறு செய்யவே அஞ்ச வேண்டும். அஞ்சுகிறவன் அரை அடி பின்வாங்குவான். ஓட வழி அந்த அரை அடியில் திறக்கும். உதையும் ஓட்டமும் அவரிடம் ஒரே கலை.

வடக்குக் கழகங்களின் புதிய விதிகளை நியூசிலாந்து அணி கற்றதே இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு. கொழும்பில் ஆடியது பழைய விதிப்படிதான். 13 பேர், பக்கவாட்டு வரிசை கிடையாது என்ற விதிகளால் மைதானம் அகலமானது. மெசஞ்சருக்கு அது போதும். பிரிட்டனுக்கு எதிரான மூன்று டெஸ்ட்களில் முதலாவதை லீட்ஸில் 14–6 என்று இழந்த அணி, மற்ற இரண்டையும் வென்றது. பயணத்தில் அதிகப் புள்ளிகள் அவருடையவை.

சிட்னியின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி 1911 முதல் 1913 வரை தொடர்ந்து கிண்ணம் வென்றபோது தலைவர் அவர்தான். 1911 பருவத்தில் மட்டும் 270 புள்ளிகள். டேவ் பிரவுன் அதைத் தாண்ட 1935 ஆக வேண்டியிருந்தது.