வெயிலின் கணக்கு

2010 மே 21 அன்று அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த மாதம் எத்தனை பேரை வெயில் கொன்றது என்பதை அறிய, ஆய்வாளர்கள் மருத்துவமனைக் குறிப்புகளோடு நிற்கவில்லை. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை எடுத்து, காரணம் எதுவானாலும் அந்த மே மாதம் இறந்த அனைவரையும் எண்ணினார்கள். முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். வெயில் தாக்கி இறந்ததாகப் பதிவானவர்கள் இதில் சிறு பங்குதான். மற்றவர்களின் மரணம் மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, முதுமை என்ற பெயர்களில் கடந்து போயிருக்கும்.

இந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்ததுதான் 2013இல் நடைமுறைக்கு வந்த அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம். அகமதாபாத் மாநகராட்சியும் காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு ஆய்வு அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய இது, தெற்காசியாவில் முதலாவது. வானிலை முன்னறிவிப்பு வந்ததும் யார் யாரிடம் சொல்ல வேண்டும், சொல்லப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அது எழுதி வைத்தது. பொறுப்பு ஓர் அதிகாரியிடம் தரப்பட்டது. நகர்ப்புறச் சுகாதார நிலையங்களின் மருத்துவர்களும் ஊழியர்களும் பயிற்சி பெற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், திட்டத்துக்கு வித்திட்ட அதே ஆய்வுக் காலத்தைச் சேர்ந்தது. பொது மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் வார்டு மேல்மாடியில் இருந்தது. மொட்டை மாடியின் சூடு நேரே கீழே இறங்கியது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும் வெப்பத்தால் நோயுற்ற குழந்தைகள் குறைந்தார்கள். புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெருமைக்குரிய எண்தான். ஆனால் அது 2014, 2015 ஆகிய இரண்டே ஆண்டுகளை முந்தைய காலத்தோடு ஒப்பிட்டுப் பெற்றது. அதை நிறுவப்பட்ட சாதனையாக மேடைகளில் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய குறை வேறு. எச்சரிக்கையின் படிகள் 41, 43, 45 டிகிரி என்று பகல்நேர உச்ச வெப்பத்தை வைத்தே அமைந்தன. தகரக் கூரைக்கு அடியில் விடியும்வரை தணியாத இரவு அந்த அளவுகோலில் விழாது. ஈரப்பதமும் விழாது. வறண்ட உள்நாட்டு நகரத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ பொருந்தாது. 37 டிகிரியே ஆனாலும், புழுக்கத்தில் வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. உப்பளத் தொழிலாளி அறிந்த உண்மை இது.

மற்ற ஊர்கள் அகமதாபாத்திடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? 2023இல் டெல்லியின் கொள்கை ஆய்வு மையம் 18 மாநிலங்களின் 37 வெப்பச் செயல்திட்டங்களை ஆராய்ந்தது. உள்ளூருக்கென வெப்ப அளவு வகுத்தவை 10 மட்டுமே. பணம் எங்கிருந்து வரும் என்று சொன்னவை 3. எதற்கும் சட்ட அடிப்படை காட்டப்படவில்லை. ஆவணத்தைப் பிரதியெடுத்தார்கள், இறந்தவர்களை எண்ணிய அந்த முதல் வேலையை விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு. ஆனால் வெப்பமே காரணம் என்று பதிவாகாத மரணத்துக்கு அதனால் பயனில்லை. தண்ணீர்ப் பந்தலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சாலையில் நடப்பவருக்கு உதவும். வீட்டில் படுத்திருக்கும் இதய நோயாளியைச் சென்றடையாது.

அவரைச் சென்றடையக்கூடிய ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை நோயாளிகளை வீடு வீடாக அறிவார்கள். சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் கோடையில் நீரிழப்பைக் கூட்டலாம். அவற்றை உட்கொள்வோரைக் கடும் புழுக்க நாட்களில் முதலில் பார்க்க வேண்டும் என்ற உத்தரவு இத்திட்டத்தில் சேர வேண்டும். இறப்புப் பதிவிலும் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒவ்வொரு மாவட்ட சுகாதார அலுவலரும் அந்தந்த வார மரணங்களை முந்தைய ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும். அடுத்த கோடைக்கு முன் அரசாணையாக வர வேண்டியது இது.