குடிக்கப்படாத பிரதி

1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு பாட்டில் ஒயின் 1,05,000 பவுண்டுக்குப் போயிற்று. 1787ஆம் வருஷத்து லஃபீத் என்றார்கள். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பெயர்ச்சுருக்கம் கண்ணாடியில் செதுக்கியிருந்தது. வாங்கிய ஃபோர்ப்ஸ் குடும்பம் அதைக் காட்சிக்கு வைத்தது. விளக்குச் சூட்டில் தக்கை சுருங்கி உள்ளே விழுந்துபோச்சு.

அதே சுருக்கம் கொண்ட நாலு பாட்டில்களை வாங்கிய பில் கோக், அவை போலி என்று 2006இல் வழக்குப் போட்டார். எழுத்துகள் மின்கருவியால் செதுக்கியவை என்றது அவர் தரப்பு. திறந்தால் விலை போய்விடும் என்கிற பிரதி இது. போலிக்கு இதைவிடப் பத்திரமான இடம் ஏது? உள்ளே இருப்பதை நாக்கு வாசிப்பதில்லை. மேலே இருக்கிற பெயரைப் பணம் வாசிக்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று 1967இல் பார்த் அறிவித்தார். ஏலக்கூடத்தில் அவன் சாகவேயில்லை.

இந்தப் பெயருக்கு இன்னொரு ஏலமும் உண்டு. ஜெஃபர்சன் 1826இல் கடனோடு இறந்தார். 1827 ஜனவரியில் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் சுமார் 130 அடிமைகளை ஏலம் போட்டார்கள். அசலா போலியா என்பதோடு நிற்கிற விமர்சனம் எனக்குப் போதாது. பாட்டில் அசலாகவே இருக்கட்டும். எவருடைய கடனுக்காக மனிதர்கள் விற்கப்பட்டார்களோ, அவருடைய பெயர் ஏன் விலையை ஏற்றுகிறது என்று கேட்டாகணும்.