பாகு வாசம்

ஒருவர் பூசிக்கொள்ளும் வாசனையை வைத்து அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு சாஸ்திரம் இப்போது பலமாக நடமாடுகிறது. ரோஜா என்றால் இன்ன குணம், சந்தனம் என்றால் இன்ன குணம் என்று கைரேகைக்காரனைப் போல் சொல்லிக்கொண்டே போகிறார்கள். அதில் தித்திப்பு வாசனைக்காரிக்குக் கிடைக்கும் ஜாதகம் மிகவும் நல்ல ஜாதகம். குழந்தை உள்ளமாம்; கொஞ்சும் பேச்சாம்; யாரைக் கண்டாலும் பிரியமாம். இந்த ஜாதகத்தைப் பரிசோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கடம்பூர் ரயில் நிலையத்தில் கிடைத்தது.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருக்கிற ஊர் கடம்பூர். ரயிலில் போகிறவர்கள் ஊரை அறியாவிட்டாலும் அதன் போளியை அறிவார்கள். வெல்லமும் கடலைப் பருப்பும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனைதான் எங்கள் பிளாட்பாரத்தின் வாசனை. அந்தப் பிளாட்பாரத்தில் என் தங்கை மகள் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். அன்று போளி தோற்றுவிட்டது. பெட்டியைத் தூக்கக் கிட்டப் போனால், சர்க்கரையைக் கொதிக்க வைத்து, அதில் சாக்லேட்டைக் கரைத்து, யாரோ அவள் தலையில் கவிழ்த்தாற்போல் இருந்தது.

“என்னம்மா இது?” என்றேன்.

“ஏஞ்சல் மாமா” என்றாள். தேவதை என்று அர்த்தம்.

சாதாரணச் சென்ட் அல்ல அது. தியெர்ரி மூக்ளே என்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளரின் பெயரில் 1992-ல் வெளிவந்தது. கலவை செய்தவர் ஒலிவியே கிரெஸ்ப். சின்ன வயதில் திருவிழாப் பொருட்காட்சிகளில் அனுபவித்த மிட்டாய், பஞ்சு மிட்டாய், சாக்லேட் வாசனைகள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று மூக்ளே கேட்டாராம். அதற்கு முன்பும் தித்திப்பு இல்லாமல் இல்லை. 1925-ல் வந்த ‘ஷாலிமார்’ வெனிலாவில் ஊறியதுதான். ஆனால் அங்கே தித்திப்பு ஓர் அலங்காரம். இங்கே அதுவே கதாநாயகி. எத்தில் மால்ட்டால் என்ற ரசாயனப் பொருளைத் தாராளமாகக் கொட்டியிருக்கிறார்கள். அது இயற்கையில் கிடையாது, மனிதன் செய்தது. அதை மோந்தால் சர்க்கரை பாகாகி நிறம் மாறுகிற நேரத்து வாசனை வரும். இந்த வகைக்குத் ‘தீனிப்பிரியன்’ என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இவ்வளவும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் அந்த வாசனையைச் சரியாக விமர்சித்தவர் எதையும் படித்தவர் அல்ல. எங்கள் அடுத்த வீட்டு ஆச்சி.

ஆச்சி இருபது வருஷத்துக்கு மேல் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் இடத்தில் வேலை பார்த்தவர். அந்த மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே ஆச்சிக்கு முழங்கால் போய்விட்டது, வேலையையும் விட்டுவிட்டார். மூக்கு மட்டும் போகவில்லை. பெண்ணைப் பார்க்க வந்தவர் நடையில் கால் வைத்ததுமே நின்றார்.

“யாரு வீட்ல தம்பி பாகு காய்ச்சுறாக?”

“ஒருத்தரும் காய்ச்சலை ஆச்சி. எம் மேலதான் வாசம்” என்று அவள் சிரித்துக்கொண்டே மணிக்கட்டை நீட்டினாள். ஆச்சி அதைப் பிடித்து, கண்ணை மூடி, நன்றாக மோந்தார்.

“பாகு முத்திப்போச்சு தாயி. தண்ணியில ஒரு சொட்டு விட்டு, அது உருண்டு நின்னு, எடுத்துத் தட்டுனா ‘டக்’குனு சொல்லும் பாரு, அப்பவே எறக்கியிருக்கணும். இது அதையுந் தாண்டிருச்சு. அடிப்பிடிக்கப் போகுது.” மறுபடியும் மோந்தார். “அதுக்கும் அடியில ஒரு வாசம் கெடக்கு. பூட்டி வச்ச பழைய துணிப்பெட்டியத் தெறந்தா வருமே, அது.”

ஆச்சி ‘துணிப்பெட்டி’ என்றது எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த ‘ஏஞ்சல்’ பச்சோலித் தைலத்தின் மேல் கட்டப்பட்டது. கைப்பும் மண் வாசமும் கற்பூரச் சாயலும் உள்ள ஓர் இலைச் சாறு அது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், காஷ்மீரச் சால்வைகளைக் கப்பலேற்றும்போது பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையைக் காயவைத்து மடிப்புகளில் வைத்து அனுப்பினார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளுக்குச் சால்வை வாசனை என்றாலே பச்சோலி வாசனைதான். ‘பச்சோலி’ என்ற பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்லுகின்றன. ஆக, பாரிஸ் தேவதையின் காலடியில் நம்முடைய வார்த்தை ஒன்று கிடக்கிறது. அதை மோந்து எடுத்துக் கொடுத்தவர் ஆச்சி.

அந்தக் கைப்புதான் இந்த வாசனையைக் காப்பாற்றுகிறது என்பது என் அபிப்பிராயம். கைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முகஸ்துதி. ‘ஏஞ்சலை’ப் பார்த்து எத்தனையோ தித்திப்புச் சென்ட்டுகள் வந்துவிட்டன. நான் மோந்த நாலைந்தில் பாகு மட்டும் இருந்தது. அடியில் பெட்டி இல்லை. பாராட்டிப் பாராட்டியே எழுதப்பட்ட மதிப்புரையைப் படித்தது போல, கால் மணி நேரத்தில் தலைவலி வந்தது. மூல வாசனையிலும் குறை இல்லாமல் இல்லை. குளிர் நாட்டில் கம்பளிக்கு உள்ளேயிருந்து மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய சரக்கை எங்கள் சித்திரை வெயிலில் திறந்தால் அது வெளிவருவதில்லை; பாய்கிறது.

ஆச்சி வேறொன்றும் சொன்னார். விமர்சனத்தைவிட அதுதான் என்னை உறுத்தியது.

“ராத்திரி சேலைய அவுத்துப் போட்டா விடியுமுன்ன எறும்பு மொச்சிருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போகணும்னா ரெண்டு நாளைக்கு முந்தியே சீயக்காயப் போட்டுத் தேய்ப்பேன். அப்பயும் பக்கத்துல உக்காந்தவ, ‘மிட்டாய்க்காரியா?’ன்னுதான் கேட்பா. நீ காசு குடுத்துல்லா வாங்கிப் பூசியிருக்க!”

ஒரே வாசனை. சீசாவிலிருந்து வந்தால் அது குணம், கொப்பரையிலிருந்து வந்தால் தொழில்! ஆச்சியின் முடியிலிருந்து வந்த பாகு வாசத்தை வைத்து, ‘இவளுக்குக் குழந்தை உள்ளம்’ என்று எந்தச் சாஸ்திரியாவது சொன்னானா? ஆச்சி ஊரறிந்த வாய்க்காரி. கொஞ்சும் பேச்சு அவர் பரம்பரையிலேயே கிடையாது.

தங்கை மகளிடம், “இதை ஏன் தேர்ந்தெடுத்தாய்?” என்று கேட்டேன். கதாசிரியனுக்கு உபயோகமான ஏதாவது பதில் வரும் என்று எனக்கு ஆசை.

“நான் எங்க மாமா தேர்ந்தெடுத்தேன்? கூட வேலை பார்க்கிறவ துபாயிலேருந்து வாங்கிட்டு வந்தா. சும்மா கெடக்கேன்னு போட்டேன். ரயில்ல எனக்குக் கக்கூஸுக்குப் பக்கத்து சீட்டு. அதனால கொஞ்சம் தாராளமாப் போட்டேன்.”

சாஸ்திரம் அங்கேயே செத்தது. ஆனால் அவள் விடவில்லை.

“நானும் கேட்கணும்னு இருந்தேன். உங்க கதையில சென்ட் போட்ட பொம்பளை ஒருத்தியாவது ஏன் உருப்பட மாட்டேங்கறா?”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது முழுக்க உண்மை. மல்லிகை வாசனையோடு வருகிறவள் நல்லவள். சென்ட் வாசனையோடு வருகிறவள் குடும்பத்தைக் கெடுக்க வருகிறாள். குணத்தை எழுதத் தெரியாத இடங்களில் எல்லாம் நான் ஒரு வாசனையைத் தெளித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, நம்மில் பலர் இதைச் செய்திருக்கிறோம், சினிமாவும் செய்தது. அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியன் சபையில் நடந்த வழக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் தருமியாக வந்து புலம்பிய பிறகு குழந்தைகளுக்கும் தெரியும். நக்கீரர் கட்சி, மணமெல்லாம் பூவினாலும் பூச்சினாலும் வருவதுதான் என்பது. கூந்தலைப் பற்றி யார் சொன்னது சரியோ, குணத்தைப் பற்றிய வரையில் நான் நக்கீரர் கட்சி. வெந்து போவதற்கு எனக்குத் தைரியம் போதாது. ஆனால் எதிரே நிற்பது தேவதைதானே, நெற்றிக்கண் இருக்காது.

என் பழைய நாவல் ஒன்று மறுபதிப்பு வருகிறது. அதில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை ‘மயக்கும் சென்ட் வாசனை’யோடு நுழைகிறாள். கையெழுத்துப் பிரதியைத் திருத்த உட்கார்ந்தபோது அந்த மூன்று வார்த்தைகளையும் அடித்தேன். அடித்த பிறகு பார்த்தால், அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்ல அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட மிச்சமில்லை. அச்சகத்துக்கு ஒரு மாதம் தவணை கேட்டு எழுதியிருக்கிறேன்.