உள்ளே வசிப்பவர், எல்லையில் அந்நியர்

2020 ஏப்ரல் 3ஆம் தேதி ஜப்பான் 73 நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் கதவடைத்தது. முந்தைய 14 நாள்களில் அவற்றுள் எங்காவது இருந்துவிட்டு வரும் வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்றது அறிவிப்பு. கொரோனா பரவிய அந்த வாரங்களில் உலகம் முழுவதும் எல்லைகள் மூடிக்கொண்டிருந்தன. இதில் மட்டும் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருபவரையும், இருபது ஆண்டுகளாக டோக்கியோவில் வீடு வாங்கிக் குடும்பம் நடத்துபவரையும் அந்த அறிவிப்பு ஒரே வரிசையில் நிறுத்தியது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், ஜப்பானியரை மணந்தவர், அங்கேயே பிறந்து அங்கேயே பள்ளிக்குப் போகும் பிள்ளை என யாராக இருந்தாலும், அன்றைக்குப் பிறகு நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர உத்தரவாதம் இல்லை. அதே ஊரிலிருந்து அதே விமானத்தில் வந்து இறங்கும் ஜப்பானியக் குடிமகனுக்கோ பரிசோதனை, 14 நாள் தனிமை, அதன்பின் இயல்பு வாழ்க்கை.

அந்த வேறுபாட்டைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன். ஜப்பானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் தன் மண்ணில் இருந்த வெளிநாட்டவரை அக்கறையோடு நடத்திய நாடுகளில் அதுவும் ஒன்று. அதே நாடு, அதே மாதங்களில், அதே மக்களை எல்லைக்கு வெளியே நிறுத்தியது. ஒரே அரசின் இரண்டு முகங்களை இவ்வளவு தெளிவாகப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2020 வசந்தத்தில் ஜப்பான் அரசு தலைக்கு 1,00,000 யென் நிவாரணம் கொடுத்தது. ஏப்ரல் 27ஆம் தேதி நிலவரப்படி உள்ளாட்சிக் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் இருந்த எல்லோருக்கும் அந்தப் பணம் கிடைத்தது. குடியுரிமையை யாரும் கேட்கவில்லை. விசா காலம் முடியவிருந்தவர்கள் குடிவரவு அலுவலகத்தில் கூட்டமாக நிற்க வேண்டாம் என்று, விண்ணப்பிக்க மூன்று மாதம் கூடுதல் அவகாசம் தந்தார்கள். விமானம் இல்லாததால் தாய்நாடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் சட்டப்படி தங்கியிருக்கத் தனி அனுமதி வழங்கப்பட்டது. தொழிற்பயிற்சியாளர்களாக வந்த வியட்நாமியர், இந்தோனேசியர் போன்றோருக்குச் சாதாரண நாள்களில் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை அப்போது இல்லை. அந்தத் திட்டத்தின் மிகக் கொடுமையான விதி அது. நிறுவனம் மூடி வேலை இழந்த பயிற்சியாளர்கள் ஓராண்டுவரை வேறு துறையில் வேலை பார்க்கலாம் என்று 2020 ஏப்ரலில் விதி தளர்ந்தது. பின்னால் தடுப்பூசி வந்தபோதும் வசிப்பவர் அனைவருக்கும் இலவசம்தான்.

இதிலும் ஓட்டை இருந்தது. வருமானம் இழந்த கல்லூரி மாணவர்களுக்கென்று 2020 மே மாதம் அறிவித்த உதவித்தொகையில், வெளிநாட்டு மாணவர் மட்டும் மதிப்பெண்ணில் முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பசிக்கும் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று அப்போதே பலர் கேட்டார்கள். ஆனாலும் மொத்தத்தில், நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டவரின் அன்றாடத்தை அரசு கைவிடவில்லை. விசா முடிந்த மறுநாளே ஒருவரைச் சட்டவிரோதக் குடியேறி ஆக்கிவிடும் இயந்திரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது சிறிய காரியமல்ல.

எல்லைக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே என்ன நடந்தது என்று புரிய, 2012 ஜூலை 9ஆம் தேதிக்குப் போக வேண்டும். அன்று ஜப்பான் தன் வெளிநாட்டவர் நிர்வாகத்தை மாற்றியமைத்தது. நீண்டகாலம் வசிப்போருக்கு வசிப்பு அட்டை வந்தது. ஜப்பானியரோடு சேர்த்து அவர்கள் பெயரும் உள்ளாட்சிக் குடியிருப்போர் பதிவேட்டில் ஏறியது. ஓராண்டுக்குள் திரும்பி வருவதானால் முன்கூட்டி மீள்நுழைவு அனுமதி வாங்க வேண்டியதில்லை, விமான நிலையத்தில் ஒரு படிவத்தில் குறியிட்டால் போதும் என்ற வசதியும் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டுகளாக மக்கள் அதை நம்பித் தீபாவளிக்கும் திருமணத்துக்கும் போய்வந்தார்கள். 2020இல் அந்தச் சீர்திருத்தத்தின் ஒரு பாதி முழு வலுவோடு நின்றது. நிவாரணப் பணம் பதிவேட்டின் வழியாகத்தான் வீடு வந்து சேர்ந்தது. மறுபாதி ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனது. குடிவரவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவில், நாட்டின் நலனுக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கக்கூடிய வெளிநாட்டவரைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் உட்பிரிவு ஒன்று உண்டு. அதைத்தான், மீள்நுழைவு அனுமதி கையில் வைத்திருந்த வசிப்பாளர்கள்மீதும் பயன்படுத்தினார்கள்.

தடைப் பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. மே 27ஆம் தேதி இந்தியாவும் அதில் சேர்ந்து, எண்ணிக்கை 111 ஆனது. ஒருவர் திரும்பி வரலாமா என்பது அவர் எந்த நாட்டுக்குப் போனார், அந்த நாடு பட்டியலில் ஏறிய நாளுக்கு முன்பே கிளம்பினாரா பின்பு கிளம்பினாரா என்பதைப் பொறுத்தது. முன்பே போன நிரந்தர வசிப்பாளர்களுக்கும் ஜப்பானியரின் துணைவர்களுக்கும் ‘சிறப்புச் சூழ்நிலை’ என்ற பெயரில் வழி இருந்தது. சாதாரண வேலை விசாவில் இருந்தவருக்கு அதுவும் இல்லை. தந்தை சாகக் கிடக்கிறார், போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்டவருக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசீலிப்போம் என்பதே பதில். கவலைக்கிடமான உறவினரைப் பார்ப்பது, இறுதிச் சடங்கு, அறுவை சிகிச்சை, நீதிமன்றத்தில் ஆஜராவது போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள் என்று எழுத்தில் வந்தது ஜூன் மாதம்தான். இரண்டு மாதத்துக்கு மேல் மக்கள் தங்கள் துக்கம் கணக்கில் வருமா வராதா என்று தெரியாமலே காத்திருந்தார்கள். தடையைவிட இந்தத் தெளிவின்மையே பெரிய தவறு என்பது என் கணிப்பு. கடுமையான விதியாக இருந்தாலும் முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்ப வாழ்க்கையை அமைத்துக்கொள்ளலாம். எழுதப்படாத விதிக்கு அப்படி இடமில்லை. வெளியேறும் ஒவ்வொரு பயணமும் வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் பணயம் வைக்கும் பயணமாகிவிடுகிறது.

அரசின் தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. ஒன்று, விமான நிலையங்களில் பரிசோதிக்கும் திறன் போதாது என்பது. அது உண்மை. தொடக்க மாதங்களில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் பேரைத்தான் சோதிக்க முடிந்தது. நரிதா விமான நிலையத்தில் முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருந்த பயணிகளைக் கண்டவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சோதனைக் குழாய்கள் குறைவு என்றால் வருபவரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம், நாளுக்கு இத்தனை பேர் என்று முன்பதிவு வைக்கலாம். எல்லோரையும் அடைக்காமல் பாஸ்போர்ட்டின் நிறத்தை வைத்து ஒரு சாராரை மட்டும் அடைத்ததற்கு அது விளக்கம் ஆகாது. இந்த வாதத்துக்கு எதிராக இன்னொன்றும் இருக்கிறது. காலனி ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய நாட்டினராக இருந்து பின்னர் அதை இழந்த கொரியர், தைவானியர், அவர்களின் வழித்தோன்றல்கள் ஆகியோருக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறப்பு நிரந்தர வசிப்புரிமை உண்டு. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அவர்களுக்கு இந்தத் தடை பொருந்தவில்லை. அது சரியான முடிவு. ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் ஒருவரின் வீடு ஜப்பான்தான் என்று அடையாளம் காண அரசுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அது காட்டிவிடுகிறது. 2019 முடிவில் கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேராக இருந்த மற்ற நிரந்தர வசிப்பாளர்களுக்கு அதே கண்ணோட்டத்தை நீட்டாதது ஒரு தேர்வு.

இரண்டாவது வாதம் சட்டம் சார்ந்தது. 1978இல் மெக்லீன் வழக்கில் ஜப்பான் உச்ச நீதிமன்றம், நாட்டுக்குள் நுழையவோ தொடர்ந்து தங்கவோ வெளிநாட்டவருக்கு அரசியல் சட்டம் உரிமை தரவில்லை என்றது. 1992இல் மொரிகாவா வழக்கில், தற்காலிகமாக வெளிநாடு போய்வரும் சுதந்திரமும் அவர்களுக்கு உறுதிசெய்யப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. வழக்குத் தொடுத்தவர் ஜப்பானியரை மணந்து அங்கேயே வாழ்ந்த அமெரிக்கப் பெண். கைரேகை கொடுக்க மறுத்ததால் மீள்நுழைவு அனுமதி மறுக்கப்பட்டவர். ஆக, உள்நாட்டுச் சட்டப்படி அரசு வரம்பு மீறவில்லை. ஆனால் 1979இல் ஜப்பான் ஏற்ற குடிசார், அரசியல் உரிமைகள் பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, யாரையும் அவரது சொந்த நாட்டுக்குள் நுழையவிடாமல் தன்னிச்சையாகத் தடுக்கக் கூடாது என்கிறது. சொந்த நாடு என்பது குடியுரிமை தந்த நாட்டோடு முடிந்துவிடுவதில்லை, நீண்டகாலம் வாழ்ந்து நெருங்கிய பிணைப்பு கொண்டவருக்கும் அது பொருந்தலாம் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1999இல் விளக்கியிருக்கிறது. 2020இல் மற்ற பணக்கார நாடுகளில் பலவும் ஏறத்தாழ இந்த வழியில்தான் நடந்தன. கனடா தன் நிரந்தர வசிப்பாளர்களை உள்ளே விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மார்ச் மாதப் பயணத் தடையில் நீண்டகால வசிப்பாளர்களுக்கு விலக்கு இருந்தது. அமெரிக்கா சீனாவிலிருந்து வருவோரைத் தடுத்தபோதும் பச்சை அட்டை வைத்திருந்தவர்களை விட்டுவைத்தது. எச்1பி வேலை விசாவில் இருந்தவர்களை அது நடத்திய விதம் வேறு, அதைப் புகழ எனக்கு மனமில்லை.

நாமும் இந்த விஷயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியாது. 2020 மார்ச் 13 முதல் இந்தியா, வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையின் விசா இல்லாப் பயண வசதியை நிறுத்திவைத்தது. வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7ஆம் தேதி பறக்கத் தொடங்கியபோது, வேலை இழந்து அமெரிக்காவிலிருந்து திரும்ப நினைத்த இந்தியப் பெற்றோர் பலர் தடுமாறி நின்றார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இந்தியப் பாஸ்போர்ட், கைக்குழந்தைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும். பெற்றோர் ஏறலாம், குழந்தை ஏற முடியாது! மே 22ஆம் தேதிதான் அந்த விதி தளர்ந்தது. ஜப்பானில் நிகழ்ந்த அதே பிழைதான் இது: வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டை மட்டும் பார்ப்பது.

ஜப்பான் திருத்திக்கொண்டது. 2020 ஆகஸ்ட் 5இல் முன்பே போனவர்களுக்கும், செப்டம்பர் 1இல் எல்லா வசிப்பாளர்களுக்கும் திரும்பும் வழி திறந்தது. கிளம்புமுன் குடிவரவு முகமைக்கு விண்ணப்பித்து ஒரு சான்று வாங்க வேண்டும், திரும்பும்போது 72 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று வேண்டும். ஏற்கெனவே வெளியில் இருந்தவர் ஜப்பானியத் தூதரகத்தில் உறுதிக் கடிதம் பெற வேண்டும். இதை வெறும் காகிதச் சுமை என்று பலர் குறைப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போகும்முன்பே கையில் ஒரு சான்று இருந்தால் திரும்பும்போது யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முதல் நாளிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் வருத்தம். குறை பரிசோதனைச் சான்றில் இருந்தது. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்பதெல்லாம் ஜப்பான் ஏற்ற வகையில் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் விமான நிறுவன ஊழியரே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார். அந்த ஊழியருக்கு வசிப்புரிமை பற்றியும் தெரியாது, மருத்துவமும் தெரியாது; ஆனாலும் ஒரு குடும்பம் வீடு திரும்புமா என்பதை அவர்தான் முடிவுசெய்தார். புதிதாக வரவிருந்த மாணவர்களின் நிலை இன்னும் மோசம். இடையில் சிறிது காலம் திறந்து மூடியதைத் தவிர்த்தால், 2022 மார்ச்வரை பலர் தங்கள் பல்கலைக்கழகத்தைத் திரையில்தான் பார்த்தார்கள்.

திருத்தம் ஆழமாகவும் இறங்கவில்லை. 2021 மே மாதம் டெல்டா திரிபு பரவியபோது, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் நாடுகளில் இருந்துவிட்டு வரும் வெளிநாட்டவரின் மறுவருகையை மே 14 முதல் மீண்டும் நிறுத்தினார்கள். சில நாள்களில் இலங்கையும் சேர்ந்தது. வசிப்பு அட்டை மறுபடியும் உதவவில்லை. டோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் பகுதியைச் சுற்றி இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன, தமிழர்களும் உண்டு. ஊரில் ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்த பெற்றோரின் குரலை அங்கிருந்து தொலைபேசியில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் அவர்கள். போனவர்கள் திரும்ப முடியாமல் சென்னையிலும் கொழும்பிலும் நின்றார்கள். அதே ஊர்களிலிருந்து திரும்பிய ஜப்பானியருக்கு அரசு ஏற்பாட்டு விடுதியில் சில நாள் தங்கலும் அடுத்தடுத்துப் பரிசோதனைகளும்தான். டெல்டாவைக் கண்டு அஞ்சியது நியாயம். ஆனால் விடுதித் தனிமை ஜப்பானியரிடமிருந்து வரக்கூடிய தொற்றைத் தடுக்கும் என்றால், அவருக்குப் பக்கத்து இருக்கையில் வந்த வசிப்பாளரிடமிருந்து வரக்கூடியதையும் தடுக்கும்.

ஆஸ்திரேலியா அதே மே மாதம் வேறொரு எல்லைக்குப் போனது. இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பும் சொந்தக் குடிமக்களையே மே 3 முதல் 15 வரை தடுத்தது. மீறினால் ஐந்தாண்டுவரை சிறை, 66,600 ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம் என்றது. குடிமக்களையும் வசிப்பாளர்களையும் ஒன்றாக நடத்துங்கள் என்று மட்டும் கேட்டால், இப்படி இருவரையும் ஒன்றாக வெளியே நிறுத்தும் பதிலும் வரலாம். ஆகவே கோரிக்கை சமத்துவத்தோடு நின்றுவிட முடியாது. வீடு திரும்புவதற்கென்று ஒரு குறைந்தபட்ச உரிமை, தனிமையும் சோதனையும் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், எழுத்தில் இருக்க வேண்டும்.

2022 அக்டோபர் 11இல் ஜப்பான் சுற்றுலாப் பயணிகளுக்குத் தாராளமாகத் திறந்தது. அந்த ஆண்டு முடிவில் அங்கே வாழும் வெளிநாட்டவர் 30 லட்சத்தைத் தாண்டினர். மக்கள்தொகை சுருங்கும் நாடு அவர்களை இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறது. 1992ஆம் ஆண்டுத் தீர்ப்போ மாறவில்லை. பதிவேட்டில் இருப்பவர் குடிமகனுக்குரிய அதே சோதனை, அதே தனிமையோடு திரும்பலாம் என்ற ஒரு வரியைக் குடிவரவுச் சட்டத்தில் அமைதிக் காலத்திலேயே சேர்த்துவிடலாம். மனிதாபிமானக் காரணங்களின் பட்டியல் தடை வரும் அன்றே வெளியாக வேண்டும். சாவுச் செய்தி வந்தவருக்கு அதே நாளில் பதில் சொல்லும் அலுவலரும் வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் சடங்குகள் மின்னஞ்சலின் மறுமொழிக்காகக் காத்திருப்பதில்லை.