கூரை ஓட்டையில் தெரிந்த அண்டம்

1

2023 நவம்பரில் வாயேஜர்-1 உளற ஆரம்பித்தது. அதே மாதம் நைனாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, வாடகை அறையைக் காலி செய்துவிட்டு நான் திருவொற்றியூர் வீட்டுக்கே திரும்பியிருந்தேன். பகலில் லேப்டாப், ராத்திரியில் நெபுலைசர். நைனா முப்பது வருஷம் ஹார்பரில் வின்ச் ஓட்டியவர். தூக்கம் வராத ராத்திரிகளில் அவருக்கு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சினிமாவும் அரசியலும் தீர்ந்துபோன ஒரு ராத்திரி வாயேஜர் கதையைச் சொன்னேன்.

"1977ல வுட்டது நைனா. இன்னும் போய்ட்டே கீது. இப்ப சிக்னல் வருது, ஆனா ஒண்ணும் புரியல."

"எம்மாந் தூரம்?"

"2400 கோடி கிலோமீட்டர். நாம ஒண்ணு கேட்டா அங்க போய்ச் சேர இருபத்திரெண்டரை மணி நேரம். பதில் வர இன்னொரு இருபத்திரெண்டரை."

கொஞ்ச நேரம் யோசித்தார். "சிக்னல் வருதில்ல? அப்போ மூச்சு கீது. வுட்றாதீங்கடா."

நாசாவுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான் அவருக்கு விளக்கவில்லை.

விண்வெளி பற்றித் தமிழில் வருவதைப் பள்ளி நாட்களிலிருந்து தேடிப் படிக்கிறவன் நான். புத்தகம், வார இதழ்த் துணுக்கு, இப்போது யூடியூப் வீடியோ. பெரும்பாலானவற்றுக்கு ஒரே அச்சு. பூமியில் தொடங்கி சூரியன், பால்வெளி, கோடானுகோடி விண்மீன் மண்டலங்கள் என்று எண்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு பெருமூச்சு: "இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் நாம் வெறும் தூசி. இதில் எதற்கு இத்தனை கவலை?" நானே கல்லூரி மலரில் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். கைதட்டு கிடைத்தது.

நைனா அந்த வழியில் போகவில்லை. 2400 கோடி கிலோமீட்டர் என்று கேட்டதும் தன்னைச் சின்னதாக உணரவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு பொருளுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தேகம்தான் இந்தக் கட்டுரை. பெருவெளியைப் பற்றிய எழுத்து நம்மை என்ன செய்ய வேண்டும்?

2

வாயேஜர் சுமந்து போகும் தங்கத் தட்டிலிருந்து தொடங்கலாம். தங்க முலாம் பூசிய செப்புத் தட்டு, 30 சென்டிமீட்டர் விட்டம். கார்ல் சேகன் தலைமையில் ஒரு சிறு குழு தொகுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், 27 இசைத் துண்டுகள், 55 மொழிகளில் வாழ்த்து. இதை அறிவியல் சாதனமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு தொகைநூல். தொகுத்தவர் உண்டு, அளவு உண்டு, விடுபடல் உண்டு. அப்படியானால் அதை விமர்சிக்கவும் செய்யலாம்.

விடுபடல் என்றதும் நமக்கு முதலில் உறுத்துவது, அதில் தமிழ் இல்லை என்பது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. வழக்கொழிந்த சுமேரியமும் அக்காதியமும்கூட இருக்கின்றன. தமிழும் மலையாளமும் இல்லை. இதைச் சதி என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்தது அதைவிடச் சாதாரணமானது. பெரும்பாலான வாழ்த்துகள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பதிவானவை. குறைந்த அவகாசத்தில் யார் கிடைத்தார்களோ அவர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். என்ன பேச வேண்டும் என்றும் யாரும் எழுதித் தரவில்லை. வேற்றுலகவாசிகளுக்கு ஒரு வாழ்த்து, சுருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அந்தச் சுதந்திரத்தில்தான் தரம் பிரிகிறது. தெலுங்குக்காரரும் கன்னடக்காரரும் தம் மொழி பேசும் மக்களின் சார்பில் வாழ்த்துகிறார்கள். கல்யாண வீட்டில் மைக் பிடிக்கும் பிரமுகர் தோரணை. துருக்கிக்காரர் இன்னும் வேடிக்கை. துருக்கி மொழி பேசும் நண்பர்களே என்று விளித்துக் காலை வணக்கம் சொல்கிறார். அங்கே துருக்கி தெரிந்தவர் யார் இருக்கப்போகிறார்கள்?

இனி, நல்ல வரிகள் எவை? ஸ்வீடிஷ் மொழியில் பேசியவர் தன்னை ஒரு கணினி நிரலாளர் என்று சொல்லிக்கொள்கிறார். பூமி என்ற கோளில் இதாகா என்னும் சின்னப் பல்கலைக்கழக ஊரிலிருந்து வாழ்த்து அனுப்புவதாகச் சொல்கிறார். ஐம்பத்தைந்து பேரில் தன் வேலையையும் ஊரையும் சொல்லத் தோன்றியது அவருக்கு. ராஜஸ்தானி வாழ்த்தின் சாரம்: நாங்கள் இங்கே நலம், நீங்கள் அங்கே நலமாக இருங்கள். நம் தாத்தாக்கள் இன்லண்ட் லெட்டரில் எழுதிய 'நலம், நலமறிய ஆவல்' மாதிரியேதான். எல்லாவற்றுக்கும் மேல் அமோய், அதாவது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்களின் பக்கத்து வீட்டில் கேட்கும் ஹொக்கியன் சீனம். விண்வெளி நண்பர்களை நலம் விசாரித்துவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறது. நேரம் கிடைத்தால் வந்து போகவும் சொல்கிறது.

இந்த மூன்றும் ஏன் நிற்கின்றன? தூரத்தைப் பார்த்து இவை குரலை உயர்த்தவில்லை. எவ்வளவு தொலைவுக்குப் பேசுகிறோமோ அவ்வளவு அருகிலிருந்து பேசுகின்றன. பசியும் ஊரும் வேலையும் உள்ள ஒருவர்தான் பேசுகிறார் என்று கேட்டதும் தெரிகிறது.

ஐம்பத்தைந்தையும் போனில் போட்டு நைனாவுக்குக் காட்டினேன். தமிழ் இல்லை என்று வருத்தமாகச் சொன்னேன். சிரித்தார். "நம்மாளு போயிருந்தா மைக்க வுட்டுருக்க மாட்டாண்டா. தட்டு பத்தாது."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே? அன்றைக்கு இதாகாவில் ஒரு தமிழர் கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பார்? கல் தோன்றிய காலத்தில் ஆரம்பித்து உலகத் தமிழர் சார்பாகத்தான் முடித்திருப்பார் என்று தோன்றுகிறது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சாப்பிட்டாயா என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறோம். மைக் முன்னால் நின்றால் மட்டும் அது நம் வாயில் வருவதில்லை.

3

அடுத்து, தூசி. இந்த உவமை இன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றுவதற்குக் காரணம் ஒரு படம். 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர்-1 திரும்பிப் பார்த்து எடுத்தது. பூமி அதில் ஒரு பிக்செல்கூட இல்லை, 0.12 பிக்செல்தான். ஒரு ஒளிக்கற்றைக்குள் மிதக்கிறது. சேகன் 1994ல் எழுதிய புத்தகத்தில் அதைச் சூரியக் கதிரில் மிதக்கும் தூசியாகப் பார்த்தார். அந்தக் கற்றை நிஜத்தில் அங்கே இல்லை. சூரியனுக்கு மிக அருகே பார்த்து எடுத்ததால் கேமராவுக்குள் சிதறிய வெளிச்சம் அது. ஒரு கருவியின் குறையிலிருந்து ஒரு உவமையைச் சேகன் எடுத்தார். கவிஞன் செய்யும் வேலைதான்.

அதே உவமை திருவாசகத்திலும் இருக்கிறது. வடிவுடையம்மன் கோயில் வாசல் கடையில் ஆயா வாங்கிய பழைய பிரதி எங்கள் வீட்டில் உண்டு. மூன்றாவது பகுதியான திருவண்டப் பகுதியின் தொடக்கத்தில், நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்களைச் சொல்கிறார் மாணிக்கவாசகர். அவை அத்தனையும், வீட்டுக்குள் நுழையும் கதிரில் தெரியும் அணுக்களைப்போலச் சிறியவையாகத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்கிறார்.

இதைப் படித்ததும் 'நாசாவுக்கு முன்பே நம்மவர் சொல்லிவிட்டார்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அது கவிதையைக் குறைத்துப் படிப்பது. நூற்றொரு கோடி என்பது தொலைநோக்கியில் எண்ணிய கணக்கு கிடையாது, அதற்கு நாசாவின் சான்றிதழும் தேவையில்லை. கவிதையின் பலம் வேறு இடத்தில், 'இல்' என்ற ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது. இல் என்றால் வீடு. அண்டங்களைச் சொல்ல வந்தவர் நம்மை வானத்துக்குத் தூக்கிப் போகவில்லை. வீட்டுக்குள் உட்காரவைத்துக் கூரை இடுக்கைக் காட்டுகிறார்.

இரண்டு தூசிக்கும் வித்தியாசம் உண்டு. சேகனுக்குப் பூமி தூசி, மாணிக்கவாசகருக்கு அண்டங்கள் எல்லாமே தூசி. சேகன் வெளியே போய்த் திரும்பிப் பார்க்கிறார், மாணிக்கவாசகர் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறார். ஒருவருக்குக் கடவுள் கிடையாது, இன்னொருவருக்குக் கடவுளைத் தவிர வேறில்லை. ஆனால் இருவருமே தூசியைச் சொல்லிவிட்டுக் கையை உதறவில்லை. நமக்கு இருப்பது இந்தத் தூசி ஒன்றுதான், ஒருவருக்கொருவர் இன்னும் கனிவாக இருப்போம் என்று சேகன் போகிறார். அந்தப் பெரியவன் என்னையும் வந்து ஆண்டுகொண்டான் என்று மாணிக்கவாசகர் உருகுகிறார். நம் துணுக்கு எழுத்தாளர்கள் இந்த இரண்டாவது பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் விற்கிறார்கள்.

அந்த முதல் பாதியை எங்கள் ஊரில் இருந்துகொண்டு படிப்பது ஒரு தனி அனுபவம். நான் சின்ன வயதில் இருந்தது ஷீட் போட்ட வீடு. பத்து மணி வெயில் ஆணி ஓட்டை வழியாக ஒரு கம்பிபோலத் தரையில் இறங்கும். அதில் மிதந்த தூசி கறுப்பு. காயப்போட்ட வெள்ளைச் சட்டையில், சோற்றில், மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் எல்லாம் அதே கறுப்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் வாழ்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களுக்குத் தூசி உவமையாக இருந்ததில்லை. நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்த பொருள் அது. இப்போது எக்ஸ்-ரேயில் தெரிகிறது.

பக்கத்தில் நெபுலைசர் ஓடிக்கொண்டிருக்க, 'நீ வெறும் தூசி, உன் கவலைகள் ஒன்றுமே இல்லை' என்று ஒரு குரல் கம்பீரமாகப் பேசும் வீடியோவைப் பார்த்தேன். கோபம் வந்தது. பெருவெளியைக் காட்டி ஒரு மனிதரின் மூச்சைச் சின்னதாக்கும் எழுத்தில் ஞானம் எதுவும் இல்லை. அது மயக்க மருந்து. யாருக்கு வசதியான மருந்து என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எல்லாமே தூசி என்றால் எந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

4

அப்படியானால் அளவுகோல் எது? நம்மிடம் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. உலகத்துக்குத் தமிழ் சொல்லும் வாழ்த்து என்றால் எல்லோரும் கணியன் பூங்குன்றனாரின் முதல் வரியைத்தான் எடுப்பார்கள். புறநானூறு 192. தட்டில் இடம் கிடைத்திருந்தால் அதுதான் போயிருக்கும். ஆனால் அந்தப் பாட்டு முதல் வரியோடு நிற்பதில்லை. பேராற்று நீரோடு போகும் மிதவை மாதிரி உயிர் போகிறது என்று சொல்லி, கடைசியில் ஒரு முடிவுக்கு வருகிறது. அதனால் பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை. சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை.

கவிஞர் பேசுவது மனிதர்களை, அண்டங்களை இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெருவெளி எழுத்தைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மறுப்புகளில் இரண்டாவதற்குத்தான் அவர் அதிக அழுத்தம் கொடுக்கிறார். வியந்தால்கூடப் பரவாயில்லை, இகழாதே. எண்களைப் பார்த்து வாய்பிளப்பது மன்னிக்கக்கூடிய பிழை. அதே எண்களை வைத்துச் சிறியதைத் தட்டிவிடுவதுதான் பெரிய பிழை.

வாயேஜர்-1 பிழைத்த கதையையும் இந்த இடத்தில்தான் வைக்கிறேன். தரவுகளைக் கட்டி அனுப்பும் கணினியில் ஒரு சில்லு செத்துப்போயிருந்தது. அந்த நினைவகத்தின் சுமார் 3 சதவீதம் போய்விட்டது. அங்கிருந்த நிரலை முழுசாக வேறு எங்கேயும் வைக்க இடமில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடுக்குகளில் செருகி, ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளை எல்லாம் மாற்றி எழுதினார்கள். பல பத்தாண்டுகள் பழைய காகிதங்களைப் புரட்டித்தான் அதைச் செய்ய முடிந்தது. 2024 ஏப்ரல் 18 அன்று முதல் துண்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். 20ஆம் தேதி பதில் வந்தது. கலத்தின் உடல்நிலை பற்றிய தகவல் ஐந்து மாதத்துக்குப் பிறகு புரியும்படி வந்தது.

நான் தினமும் செய்வது நிரல் எழுதும் வேலை. ஒரு மாற்றத்தைப் போட்டுவிட்டுப் பத்து நொடிக்குள் முடிவு தெரியவில்லையென்றால் எரிச்சலாகிறவன். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள் காத்திருந்து, சில நூறு எழுத்துகளுக்கு இடம் தேடிய அந்தப் பொறியாளர்களின் வேலைதான் பெருவெளி பற்றி நான் அண்மையில் படித்த சிறந்த உரைநடை. வியப்புக் குறியே இல்லாத உரைநடை.

எப்படியும் அது ஒரு நாள் நிற்கும். வருஷத்துக்குச் சுமார் 4 வாட் வீதம் மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது. கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். பேச்சு நின்ற பிறகும் தட்டு போய்க்கொண்டிருக்கும். சுமார் 40,000 வருஷம் கழித்து ஒரு விண்மீனை 1.6 ஒளியாண்டு தள்ளிக் கடக்கும். யாரும் கேட்காமலே போகலாம். ஆனாலும் அதில் ஒருவர், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டு வைத்திருக்கிறார்.

ஏப்ரலில் செய்தி வந்த அன்று ராத்திரி நைனாவிடம் சொன்னேன், வாயேஜர் திரும்பவும் ஒழுங்காகப் பேசுகிறது என்று.

"இன்னா சொல்லுச்சாம்?"

"நல்லா கீறேன்னு சொல்லுச்சாம்."

தலையாட்டினார். பிறகு நெபுலைசர் மாஸ்க்கை எடுத்துத் தருமாறு கை நீட்டினார்.